கயிறு மாற்றியவன்

படகு வான்தீவைத் தாண்டி நங்கூரம் போட்டதும் கஸ்பார் வழக்கம்போலக் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு விளிம்பில் வந்து உட்கார்ந்தான். டிக்சன் முகக்கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்துக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். கழுவியதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். தலையைத் திருப்பாமலே, "மாப்ளே, இன்னைக்குப் பேச்சிமுத்து பிடிக்கட்டும். நீ ஹோஸப் பாத்துக்க" என்றான்.

குளிப்பவனுக்கு மூச்சுக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் காதில் விழவில்லை என்று கஸ்பார் பாவனை செய்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. தோளிலிருந்து சுருளை இறக்கினான். பேச்சிமுத்துவின் கையில் கொடுக்காமல் அவன் காலடியில் வைத்தான். "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கம்ப்ரசர் பக்கம் போய் நின்றுகொண்டான். படகில் இருந்த இன்னொரு சங்குகுளிக்காரன் ரோச், பல்லுக்கிடையில் வைத்திருந்த பீடியை எடுத்துக் கையில் பிடித்தபடி டிக்சனைப் பார்த்தான். பேச்சிமுத்துவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து கம்ப்ரசர் வேலைக்கு வந்து சேர்ந்தவன் அவன். புதுப் பொறுப்பு கிடைத்த சந்தோஷத்தில் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, "நீங்க எறங்குங்க அண்ணாச்சி, நான் இருக்கேன்" என்றான்.

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். முத்துக் குளிக்கும் சலாபம் நடந்த காலத்திலிருந்தே அப்படித்தான் என்கிறார்கள். சொந்தத் தம்பி கூடப் பங்குக்கும் பாகத்துக்கும் ஆசைப்பட்டுக் கயிற்றை விட்டுவிடலாம். மச்சினன் விடமாட்டான், விட்டால் விதவையாவது அவன் கூடப்பிறந்தவள். கணக்கு அவ்வளவுதான். காற்றுக் குழாய் வந்த பிறகு கயிற்றுக்குப் பெரிய வேலை இல்லை என்றாலும் வழக்கம் மாறவில்லை. மச்சினன் துபாய்க்குப் போய்விட்டால் வேறு ஆள் பிடிப்பார்கள். மச்சினன் அதே படகில் நிற்கும்போது வேறொருவனிடம் கயிற்றைக் கொடுத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு: இவன் அவன் அக்காவுக்கு ஏதோ துரோகம் செய்திருக்கிறான், அதனால் அவன் கையில் உயிரைக் கொடுக்கப் பயப்படுகிறான்.

டிக்சனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அந்தக் காலையில் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: கஸ்பாரின் கை கயிற்றின் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. ஒரு விஷயத்தை மறைக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஊர் முழுக்கக் கூப்பிட்டுச் சொன்னதுபோல் ஆகிவிடும் என்பது, தண்ணீருக்குள் தலை மூழ்கிய பிறகுதான் உறைத்தது.

அவன் உடம்பு அவன் பேச்சைக் கேட்காமல் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. முதலில் எப்போதாவது. பிறகு எப்போதுமே. மனைவி ஹில்டாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்து அவள் தேறி எழுந்த சமயம் அது. மகள் சாயர்புரத்தில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டில் இரண்டே பேர். அவன் வெக்கையைக் காரணம் காட்டிப் பாயை மொட்டைமாடிக்குத் தூக்கினான். மழை பெய்த நாட்களில் முன்னறையில் டிவியைப் போட்டுவிட்டு அதன் முன்னாலேயே படுத்தான். ஹில்டா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகு அதுவே ஒரு பாரமானது.

ஆழத்தில் கிடந்து கிடந்து வந்த கோளாறு என்றுதான் நினைத்திருந்தான். வேகமாக மேலே ஏறி வந்தவர்கள் கால் மரத்துப் போய்க் கிடந்ததைப் பார்த்திருக்கிறான். பழைய பஸ்ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த, ஆண்மைக் குறைவுக்கு லாட்ஜில் வைத்தியம் பார்ப்பவரின் சுவரொட்டி முன்னால் இரண்டு மூன்று முறை பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றான். கடைசியில், தூத்துக்குடியில் எந்த டாக்டரிடம் போனாலும் வரிசையில் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருக்கும் என்பதால், பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினான்.

டாக்டர் ஜெயசிங்குக்கு அவனைவிட வயது குறைவு. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஆழமும் இல்ல, கம்ப்ரசரும் இல்ல. சுகர். ரொம்ப நாளா இருந்திருக்கு, நீங்க பாக்கல" என்றார்.

"சுகருக்கும் இதுக்கும் என்ன சார்?"

"ஆசை இருக்கா?"

டிக்சன் மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தான். "இருக்கு சார்."

"அப்ப மூளை அனுப்புது. நரம்பும் கொண்டுவருது, கொஞ்சம் சோர்ந்து போயிருந்தாலும். வந்து சேருற எடத்துலதான் பெரிய சிக்கல்." டாக்டர் இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் காட்டினார். "அந்த உறுப்புக்குள்ள இருக்கது தசை. கணக்கில்லாத செல்லு. அம்புட்டும் ஒரே நேரத்துல தளரணும். தளந்தாத்தான் ரத்தம் உள்ள வரும். ஆனா நரம்பு ஒவ்வொரு செல்லையும் தேடிப் போய்ச் சொல்லாது. அங்கங்க ஒண்ணு ரெண்டத்தான் தொடும். மத்ததெல்லாம் பக்கத்து செல்லு சொல்லிக் கேக்குறது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல சின்னச் சின்ன வாசல் இருக்கு. அந்த வாசலே ஒரு புரோட்டீன்தான், கனெக்ஸின்னு பேரு. சுகர் கூடி நிக்கும்போது அந்த வாசல் கொறைஞ்சு போகுது, இருக்கதும் சரியாத் தொறக்குறதில்லன்னு எலிகள்ல பாத்திருக்காங்க. மனுசன்ல இன்னும் முழுசாத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லுதேன், அவ்வளவுதான்."

"மாத்திரை?"

"தாரேன். மாத்திரை புதுசா வாசல் கட்டாது. வந்த செய்தி சீக்கிரம் அழிஞ்சு போகாமப் பாத்துக்கிடும். சுகர் உள்ளவங்களுக்குச் சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. மொதல்ல சுகரக் கொறைக்கணும்." அவர் விரல்களைப் பிரித்தார். "இன்னொண்ணு. சுகர் மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாமக் கடலுக்குள்ள எறங்கினீங்கன்னா மயக்கம் வரும். எறங்காதீங்கன்னு சொன்னா கேக்கமாட்டீங்க. மேல நிக்கிறவருக்காவது சொல்லி வைங்க. வீட்டம்மாவ ஏன் கூட்டிட்டு வரல?"

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல சார்" என்றான் டிக்சன். பொய்யென்றும் சொல்ல முடியாது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவனுக்கு மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது ஒரே ஒரு சொல்தான்: தளரணும். இத்தனை மாதமும் அவன் எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டல்லவா கிடந்தான், பல்லை, தொடையை, மூச்சை. தண்ணீருக்குள் இறுகினால் மூச்சு வீணாகும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக் கொடுத்திருக்கிறான். நீலநிற மாத்திரைகளைக் கம்ப்ரசர் ஸ்பானர் பெட்டியின் அடியில், கிரீஸ் துணிக்குள் வைத்தான். சுகர் மாத்திரையையும் அங்கேயே. முதல் நீல மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து ஹில்டாவின் பக்கத்தில் படுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் தூங்குவதுபோல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் தூங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் கஸ்பார் ஒரு கேலி செய்தான். மச்சானும் மச்சினனும் எப்போதும் பேசிக்கொள்கிற பேச்சுதான், படகில் எல்லோரும் சிரிக்கிற பேச்சு. டிக்சனின் இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டே, "என்ன மச்சான், அக்கா மூஞ்சி வாடிக் கெடக்கு. ஒழுங்காக் கவனிக்கியளா, இல்ல சங்கோடயே குடும்பம் நடத்துதியளா?" என்றான். ரோச் சிரித்தான். டிக்சனும் சிரித்தான். ஆனால் அன்று அடியில், மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைப் பார்த்துக்கொண்டு போகும்போது, ஹில்டா தம்பியிடம் சொல்லியிருப்பாளோ என்ற எண்ணம் வந்தது. வந்த எண்ணம் போகவில்லை. இறங்கி அடியைத் தொட்டதும் அவன் கயிற்றை ஒரு முறை இழுப்பான், மேலிருந்து ஒரு இழுப்பு பதிலாக வரும். இத்தனை வருடமும் அந்தப் பதிலை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை, இதயம் துடிப்பதை நினைத்துப் பார்க்காதது மாதிரி. அன்று அது வந்தபோது, எல்லாம் தெரிந்த ஒரு கை தன் இடுப்பைப் பிடித்திருப்பதாகப் பட்டது. மறுநாள்தான் கயிற்றை மாற்றினான்.

படகு கரைக்கு வந்து சங்குகளை இறக்கி முடிக்கும் முன்பே செய்தி தெருவுக்குள் போயிருந்தது. ரோச்சின் வீட்டிலிருந்து அடுத்த வீடு, அங்கிருந்து குழாயடி, அங்கிருந்து மாதா கெபி இருக்கும் முனை. அந்தத் தெருவில் எந்த வாசலும் அடைபட்டுக் கிடக்கவில்லை. அவன் குளித்து உடுத்தி வெளியே வரும்போது மாமியார் பிலோமினா கருவாட்டுக் கூடையோடு நடையில் நின்றிருந்தாள்.

"மருமவனே, எம்மவன் கை என்ன சூம்பியா போச்சு?"

"அதெல்லாம் இல்ல அத்த. சும்மா ஒரு மாத்தத்துக்கு."

"சும்மா மாத்துறதுக்கு அது என்ன சட்டையா? எனக்குக் காது குத்தாத. எவ அவ?"

"எவளும் இல்ல."

"எவளும் இல்லாமத்தான் எம்மவ மூணு வேளையும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரியுதாளாக்கும்." கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பனிமயத் தாய் பாத்துட்டுத்தான் இருக்கா. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். அவளாவது மன்னிப்பா."

ஆனால் டீக்கடையில் நடந்ததுதான் அவனை உண்மையில் கெடுத்தது. ரோச் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "ஏலே டிக்சா, கயித்த மாத்துத அளவுக்குப் போயாச்சுன்னா ஆளு லேசுப்பட்ட ஆளா இருக்கமாட்டா. எங்கன, முத்தையாபுரம் பக்கமா?" பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கண்டனம் இருந்தது, ஆனால் அடியில் வேறொன்றும் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் இவனுக்கு இது வாய்த்திருக்கிறதே என்கிற ஒன்று. இல்லை என்று சொல்ல டிக்சன் வாயெடுத்தான். சொன்னால், பிறகு எதற்காக மாற்றினாய் என்ற கேள்வி வரும். அவன் டீயை உறிஞ்சிவிட்டுச் சிரித்தான். ஒரு சின்னச் சிரிப்பு. ரோச் அவன் தொடையில் தட்டினான். வீட்டுக்குப் போகும்போது தன் நடை கொஞ்சம் மாறியிருந்ததை டிக்சனே கவனித்தான். தோள் அகன்று, கை வீசி. வீட்டு வாசலில் ஹில்டா துணி உலர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததும்தான் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் போனது.

பேச்சிமுத்து நல்ல பையன். அடியிலிருந்து ஒரு இழுப்பு போனால் போதும், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டதுபோல் உடனே 'இருக்கேன்' என்று ஒரு இழுப்பு வரும். கஸ்பாரின் பதில் அப்படி வராது. அவன் முதலில் கயிற்றின் தொய்வை மெல்ல எடுப்பான், மறுபக்கம் என்ன எடை இருக்கிறது, எப்படி அசைகிறது என்று பார்ப்பான், பிறகுதான் இழுப்பான். அந்த வித்தியாசம் டிக்சனுக்கு ஒரு சனிக்கிழமை தெரிந்தது. அன்று சுகர் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, நேரமாகிவிட்டதென்று இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே இறங்கியிருந்தான். வலைப்பை பாதி நிறைந்திருக்கும்போது கை நடுங்கத் தொடங்கியது. கடலுக்கு அடியில் வியர்க்காது, ஆனால் வியர்ப்பதுபோல் இருந்தது. மணலில் சங்கின் தடம் இரண்டாகப் பிரிந்து போயிற்று. எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று வெகுநேரம் யோசித்தபடி ஒரே இடத்தில் மண்டியிட்டுக் கிடந்தான். மேலிருந்து இழுப்பு வந்தது. பழக்கத்தில் அவன் கை பதில் இழுப்பு இழுத்தது. மேலே அதுவே போதுமானதாக இருந்தது. அடியில் நிற்க இடுப்பில் கட்டியிருந்த எடையை எப்படிக் கழற்றினான், எப்படி ஏறினான் என்று பிறகு நினைவுபடுத்திப் பார்த்தபோது எதுவும் கோவையாக வரவில்லை. படகின் தரையில் கிடந்தபோது பேச்சிமுத்து குனிந்து, "சிக்னல் எல்லாம் கரெக்டா குடுத்தேம்லா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"குடுத்தடே."

கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற கஸ்பார், யாரையும் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னான்: "குமிழி சிறுத்துப் போச்சு. வரிசை தப்பி வந்துச்சு." தண்ணீர்ப் பாட்டிலைக் காலால் டிக்சன் பக்கம் தள்ளிவிட்டான்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்த ஹில்டா சேலையைக்கூட மாற்றாமல் குசினிக்குள் போய்க் கணவாய் மீன் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். டிக்சன் நிலைப்படியில் சாய்ந்து நின்றான். அவள் கணவாயின் தலையைப் பிடித்து இழுத்தாள். மை விரலெல்லாம் வழிந்தது.

"நேத்து சாயங்காலம் தம்பி வந்துட்டுப் போனான்" என்றாள். "மச்சானுக்கு என்னமோ ஒடம்புக்குன்னான். ஸ்பானர் பெட்டிலருந்து எடுத்து என்னமோ விழுங்குதாருன்னான், அதக் காட்டித் தரச் சொன்னேன். காட்டித் தந்தான். அவன் பாக்கல, நாந்தான் துணியப் பிரிச்சுப் பாத்தேன்."

டிக்சன் நிலைப்படியிலிருந்து முதுகை எடுத்தான்.

"ஒண்ணு சுகர் மாத்திரைன்னு தெரியுது, அம்மாவும் அதத்தான் போடுதா. இன்னொண்ணு என்னன்னு மருந்துக்கடையில கேட்டேன். அந்தப் பையன் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல." அடுத்த கணவாயை எடுத்தாள். "பேரச் சொல்லிருங்க. சண்டை போட மாட்டேன். மவ லீவுக்கு வாறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

"பேரு ஒண்ணும் கெடையாது, ஹில்டா."

"அப்ப யாருக்காவ அந்த மாத்திரை?"

"உனக்காவத்தான்."

அவள் கை நின்றது. அவன் சொன்னான். வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து தொடங்கி, சுகருக்குப் போய், செல், வாசல், ஒன்று சொல்லி ஒன்று கேட்பது, எலி என்று எங்கெங்கோ போனான். டாக்டரைப்போல விரல்களைக் கோத்துக் காட்டப் பார்த்தான். அது சரியாக வராததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "ஆசை இல்லாமன்னு இல்ல. அது வந்து சேர மாட்டேங்கு" என்று முடித்தான்.

ஹில்டா கையிலிருந்த கணவாயைக் கீழே வைத்தாள். அவன் அழுகையை எதிர்பார்த்தான். இல்லையென்றால் ஒரு ஆறுதல் சொல்லை. அவள் நிமிர்ந்தபோது கண்ணில் இருந்தது கோபம்.

"கர்ப்பப்பைய எடுத்த பெறவு என்னைப் பாக்கப் பிடிக்கலன்னு நெனச்சேன். ஒரு வருசமா. குளிக்கும்போதெல்லாம் அந்தத் தையலத் தடவிப் பாப்பேன், இதுதான் காரணம், இதுதான் காரணம்னு. நீங்க மாடிக்குப் போற சத்தம் கேக்கும். ஒரு வார்த்தை. பாளையங்கோட்டைல யாரோ ஒருத்தர்ட்ட சொல்ல முடிஞ்சுது. எங்கிட்ட முடியலியா?"

"வெக்கமா இருந்துச்சு."

"டீக்கடைல வெக்கமா இல்லியா? சிரிச்சீங்களாமே." அவள் குரல் உயரவில்லை. "ரோச் பொண்டாட்டி குழாயடியில வந்து சொன்னா. 'ஒத்துக்கிட்டாரு அக்கா, சிரிச்சிட்டாரு'ன்னு. பொட்டப்பயன்னு சொல்லீருவாங்கன்னு, பொண்டாட்டிக்குத் துரோகம் பண்ணுனவன்னு பேரெடுத்துக்கிட்டீங்க. அது ஒங்களுக்கு நல்லா இருந்துருக்கு."

தெருவில் கை வீசி நடந்த அந்தச் சில அடிகள் அவள் கண்ணுக்கும் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது.

ஹில்டா கையைக் கழுவினாள். மை முழுவதும் போகவில்லை. "சுகர் இருக்குன்னு கயித்தப் பிடிக்கிறவனுக்குத் தெரியணும். நாளைக்கு நீங்க தண்ணிக்குள்ள கெடந்தா அந்தக் காட்டுக்காரப் பையன் சிக்னல் குடுத்துக்கிட்டே நிப்பான். தம்பிகிட்ட நான் சொல்லுதேன்."

"சுகர மட்டும் சொல்லு."

"சுகர மட்டும் சொன்னா, அதுக்கு எதுக்குக் கயித்த மாத்தணும்னு கேப்பான்."

"ஹில்டா."

"என்ன சொல்லணுங்கறத நான் பாத்துக்கிடுதேன்."

சுத்தம் செய்த கணவாயில் பாதியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு சந்துக்கு அந்தப் பக்கம், தம்பியும் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். டிக்சன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே யார் குரலும் கேட்கவில்லை. அவள் வெறும் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். மீதிக் கணவாயைக் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது அவன் தட்டில் சோற்றைக் குறைத்து வைத்தாள். அவன் மேலும் கேட்டபோது, "சுகர்" என்றாள். திரும்பி வந்த பிறகு அன்று முழுக்க அவனிடம் அவள் பேசியது அந்த ஒரு சொல்தான். இரவு அவன் பாயை எடுக்க வந்தபோது பாய் அதன் இடத்தில் இல்லை. கட்டிலில் அவளுடைய படுக்கைக்குப் பக்கத்தில் விரித்துக் கிடந்தது. அது அழைப்பா, தண்டனையா என்று தெரியாமல் அவன் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தான்.

மறுநாள் படகு நங்கூரம் போட்டதும் கஸ்பார் எழுந்து வந்து பேச்சிமுத்துவிடம் கையை நீட்டினான். பேச்சிமுத்து டிக்சனைப் பார்த்தான். டிக்சன் தலையாட்டினான். ரோச் எதையோ சொல்ல வாயைத் திறந்து, கஸ்பாரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கஸ்பார் குனிந்து டிக்சனின் இடுப்பில் கயிற்றை முடிந்தான். வழக்கமாகப் போடுகிற முடிச்சுதான். முடித்து, ஒரு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு மடியிலிருந்து ஒரு லேஞ்சித் துணியை எடுத்துப் பிரித்தான். உள்ளே உடைத்து வைத்த கருப்பட்டித் துண்டுகள் இருந்தன.

"ஒண்ண வாயில போட்டுட்டு எறங்குங்க மச்சான். மிச்சம் இங்கன எங்கிட்ட இருக்கும்."

டிக்சன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். கஸ்பாரின் முகத்தைப் பார்த்தான். ஒரு கேலி வரும் என்று காத்திருந்தான். சங்கோடு குடும்பம், அக்கா மூஞ்சி, ஏதாவது. வந்திருந்தால் கஸ்பாருக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். கஸ்பார் கேலி செய்யவில்லை. கயிற்றைச் சுருள் சுருளாகத் தளர்த்தி விட்டுக்கொண்டிருந்தான், கண்களைக் கயிற்றிலேயே வைத்து. ஹில்டா எவ்வளவு சொன்னாள் என்று இந்த முகத்திலிருந்து இனி எந்த நாளும் படித்துக்கொள்ள முடியாது என்று டிக்சனுக்குத் தோன்றியது.

கருப்பட்டி கரைந்து தீரும்வரை மென்று விழுங்கினான். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். குழாயைப் பல்லில் கடித்து இறங்கினான்.

அடியில் வெளிச்சம் பச்சையாக இருந்தது. தெற்கே நீரோட்டம் லேசாக இழுத்தது. சங்கின் தடம் ஒன்று அருகிலேயே மணலில் வளைந்து போயிற்று. அவன் அதன் பின்னால் போகவில்லை. முழங்காலை மணலில் ஊன்றி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்து ஒரு முறை இழுத்தான்.

பதில் வரவில்லை.

கயிறு நீரோட்டத்தில் வில்லாக வளைந்து மேலே போய்ப் பச்சைக்குள் மறைந்திருந்தது. அவன் பல்லைக் கடித்திருந்ததை உணர்ந்து தாடையைத் தளர்த்தினான். பிறகு தோளை. பிறகு கயிற்றைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக. இப்போது கயிறு அவன் விரித்த உள்ளங்கையின் மேல் வெறுமனே கிடந்தது. மூச்சுக் குமிழிகள் காதை உரசிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தன. உள்ளங்கையில் ஏதோ நகர்வதுபோல் இருந்தது. நீரோட்டமாகவும் இருக்கலாம். அவன் அண்ணாந்து பார்த்தான். அந்த வளைவு, மேலிருந்து யாரோ அவசரமில்லாமல் தொய்வை எடுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டிருந்தது.